ஐந்து லட்சம் யார் வீட்டுப் பணம்?

பட்டறையில் தீ அணைவதற்குள் தொகை வந்துவிடுகிறது. இறந்தவர் குடும்பத்துக்கு இவ்வளவு, காயமடைந்தவருக்கு இவ்வளவு. மாநிலத்திலிருந்து ஓர் அறிவிப்பு, டெல்லியிலிருந்து ஓர் இரங்கல். மறுநாள் காலை புனேயை அடுத்த நிக்டியின் டீக்கடைகளில் எழும் முதல் கேள்வி, எத்தனை பேர் போனார்கள் என்பது. இரண்டாவது கேள்வி, எவ்வளவு அறிவித்தார்கள் என்பது. மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை: முதலாளி எவ்வளவு கொடுக்கப் போகிறார்?

2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை பிற்பகல். நிக்டியிலிருந்து ஷேர் ஆட்டோ தூரத்தில் இருக்கும் தளவடேயில் ஒரு தகரக் கொட்டகை எரிந்தது. இந்தப் பக்கம் அதற்குப் பத்ரா ஷெட் என்று பெயர். மேலே தகரம், சுற்றிலும் தகரம், போக வர பெரும்பாலும் ஒரே வழி. உள்ளே தயாரானது, பிறந்தநாள் கேக்கின் மேல் குத்திவைத்தால் பூவாணம் போலப் பொறி கக்கும் மெழுகுவத்தி. மெழுகுவத்தி என்று பெயர்தானே தவிர, உள்ளே இருப்பது பட்டாசு மருந்து. கையால் மருந்து நிரப்பி, ஒட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலை. செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 6 பேர் அன்றே இறந்தார்கள். மருத்துவமனையில் பிறகு இறந்தவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை பத்தைத் தாண்டியது. முறையான அனுமதி இல்லாத இடம் என்பது, வழக்கம்போல, எரிந்த பிறகு தெரியவந்தது.

அதற்கு முந்தைய நாள்தான் நாக்பூரில் சட்டமன்றக் குளிர்காலக் கூட்டம் தொடங்கியிருந்தது. மாநிலத்தின் தலைவர்கள் மொத்தமாக அங்கே இருந்தார்கள். வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பின் தலைமையகமும் அதே நாக்பூரில்தான் இருக்கிறது. இது வெறும் தற்செயல், இதிலிருந்து யாரையும் குற்றம் சொல்ல நான் முயலவில்லை. ஆனால் எப்போதும் எழும் ஏக்கம் இந்த முறையும் எழுந்தது: பெரியவர் நேரில் வருவாரா? மாவட்டப் பொறுப்பு அமைச்சரான பாலக்மந்திரி வந்தாரா, யார் கையைப் பிடித்தார், எவரையும் விடமாட்டோம் என்று சொன்னாரா? ஒரு தலைவரிடம் நாம் எதிர்பார்ப்பது எழவு வீட்டுக்கு வரும் பெரியப்பாவின் வேலை. வரவேண்டும், கலங்கவேண்டும், கையில் ஏதாவது வைத்துவிட்டுப் போகவேண்டும்.

இந்த எதிர்பார்ப்பில்தான் கோளாறு இருக்கிறது என்பது என் கட்சி.

இரண்டரை ஆண்டுகள் பின்னோக்கிப் போவோம். 2021 ஜூன் 7, கொரோனா இரண்டாம் அலை ஓயாத நேரம். இதே புனே மாவட்டத்தில், முல்ஷி தாலுகாவின் உரவடேயில், நீரைச் சுத்தம் செய்யும் வேதிப்பொருள் தயாரித்த ஆலை எரிந்து 17 பேர் இறந்தார்கள். அவர்களில் 15 பேர் பெண்கள். பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சம், மாநில அரசிடமிருந்து 5 லட்சம் என்று அன்றே அறிவிப்பு வந்தது. ஆக மொத்தம் 7 லட்சம். துயரத்தில் இருக்கும் வீட்டுக்கு அது பெரிய தொகைதான். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பிரதமர் நிதி ஜனங்கள் கொடுத்த நன்கொடை. அரசு கொடுப்பது ஜனங்கள் கட்டிய வரி. தளவடேயில் ஜாப் ஒர்க் லேத் ஓட்டுகிறவரும், ரூபிநகரில் மளிகைக் கடை வைத்திருக்கிறவரும் சேர்ந்து மொய் எழுதியிருக்கிறார்கள். முதலாளி எழுதவேண்டிய மொய் எங்கே?

அதற்குச் சட்டம் இருக்கிறது, இன்று நேற்றல்ல, 1923 முதல். அந்த ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த கணக்கு எளிமையானது. மாதக் கூலியில் பாதியை எடுத்து, வயதுக்கென்று அட்டவணையில் உள்ள எண்ணால் பெருக்கவேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. மாதம் 10,000 ரூபாய் கூலி வாங்கிய 40 வயதுப் பெண் வேலையில் இறந்தால் 9,20,850 ரூபாய். 25 வயதென்றால் எண் 216.91, தொகை 10,84,550 ரூபாய். கணக்கில் எடுக்கும் கூலிக்கு 2020-இல் வைத்த உச்சவரம்பு 15,000. அந்த வரம்பைத் தொட்ட 40 வயதுக்காரருக்கு 13,81,275. யார் தப்பு என்ற விசாரணை இதற்குத் தேவையில்லை. வேலை நேரத்தில், வேலையால் சாவு நேர்ந்தாலே போதும். கூரை தகரமா, அனுமதி உண்டா என்ற கேள்விகூட இங்கே வராது. தாமதித்தால் 12 சதவீத வட்டி, தக்க காரணமில்லாமல் தாமதித்தால் பாதித் தொகை வரை அபராதம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தை ஈ.எஸ்.ஐ.யில் பதிவு செய்திருந்தால் இந்த மொத்தத் தொகைக்குப் பதிலாக, சார்ந்திருப்பவர்களுக்குக் கூலியில் 90 சதவீதம் மாதாமாதம் வரும்.

இவ்வளவும் சட்டப் புத்தகத்தில் இருக்க, மேடையில் 5 லட்சம் மட்டும் ஒலிக்கிறது. ஒலித்த தொகைதான் மனதில் நிற்கிறது. குடும்பமும் அதுதான் இழப்பீடு என்று நம்பிவிடுகிறது. நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு, ஒன்றை வாங்கினால் மற்றது போகாது என்று செக் கொடுக்கும் நாளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தலைவர் கருணை காட்டியதாகப் படம் வருகிறது. கடன்காரரான முதலாளி பின்வாசல் வழியாகப் போய்விடுகிறார்.

இதற்கு மறுபேச்சு உண்டு. பிணவறை வாசலில் நிற்பவருக்கு அன்றைக்கே காசு வேண்டும், சட்டத்தின் கணக்கு வரும்வரை அடுப்பு எரியாது என்பார்கள். நியாயம்தான். உடனே கொடுக்கட்டும், பிறகு முதலாளியிடம் வசூல் செய்யட்டும்.

நம்மூர் சிவகாசிப் பக்கத்திலும் இதே கதைதான் என்று சொல்லவேண்டியதில்லை. பட்டாசு ஆலைகள் வெடித்த ஊர்கள்: 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சன்குளம். ஒரு பெயரில் உரிமம், இன்னொருவர் கையில் குத்தகை, அவரிடமிருந்து மூன்றாமவருக்கு உள்குத்தகை என்ற ஏற்பாடு விருதுநகர் மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெடித்த பிறகு முதலாளி யார் என்று தேடுவதே ஒரு தனி வேலை. தளவடே இருக்கும் பிம்ப்ரி-சிஞ்ச்வடில் குத்தகைக்குப் பதில் வாடகை. நிலம் ஒருவருடையது, ஷெட் ஒருவருடையது, தொழில் ஒருவருடையது, ஆர்டர் கொடுத்தவர் நகரத்தில் எங்கோ ஒரு மொத்த வியாபாரி. எம்.ஐ.டி.சி. என்ற அரசுத் தொழிற்பேட்டையின் எல்லைக்குள் இருக்கும் பெரிய ஆலைகளுக்குப் பெயர்ப் பலகை உண்டு. அந்த எல்லையை ஒட்டி முளைத்த கொட்டகைகளுக்கு அதுவும் கிடையாது.

என் கவலையெல்லாம் அந்தக் கொட்டகையில் இல்லாத ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றியது. கூலிப் பதிவேடு. மேலே போட்ட பெருக்கல் கணக்குக்கு இரண்டு எண்கள் வேண்டும், வயதும் கூலியும். கூலியைக் கையில் எண்ணிக் கொடுத்து, பெயரைக்கூட எழுதிவைக்காத இடத்தில் அந்த இரண்டாவது எண் எங்கிருந்து வரும்? அவர் இங்கே வேலை செய்ததையே முதலில் நிரூபிக்கவேண்டும். எரிந்த இடத்தில் காகிதம் மிஞ்சுவதில்லை. போலீஸ் பஞ்சநாமாவும் உயிர் பிழைத்தவர்களின் சாட்சியும்தான் கதி. அவர்களும் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போயிருப்பார்கள்.

இந்த நேரம் பார்த்து, 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. மத்தியச் சட்டத்தில், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர், பயன்படுத்தாத இடத்தில் 20 பேர் என்றிருந்த தொழிற்சாலை வரம்பு 20, 40 என உயர்ந்திருக்கிறது. அபாயத் தொழிலுக்கு எண்ணிக்கை பார்க்கமாட்டோம் என்கிறார்கள். கேக் மெழுகுவத்தி அபாயத் தொழில் என்று எரிவதற்கு முன்னால் யார் போய்ச் சொல்வார்கள்? சின்ன முதலாளிகளை இன்ஸ்பெக்டர் தொல்லையிலிருந்து காப்பாற்றவே இந்த மாற்றம் என்று தொழில் வட்டாரம் சொல்கிறது. ஹப்தா, அதாவது மாமூல், வாங்குகிற இன்ஸ்பெக்டரை எனக்கும் பிடிக்காது.

தலைவர் நேரில் வராவிட்டால் பரவாயில்லை. அறிவிப்பில் இரண்டு வரி கூட்டினால் போதும். ஒன்று, சட்டப்படி முதலாளி ஒவ்வொரு குடும்பத்துக்கும் தரவேண்டிய தொகை இவ்வளவு என்ற கணக்கு. இரண்டு, இழப்பீட்டு ஆணையர் முதலாளிக்கு நோட்டீஸ் அனுப்பிய தேதி. குடும்பம் மனுப் போடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சாவுச் செய்தி காதுக்கு எட்டினாலே நோட்டீஸ் அனுப்பி, 30 நாளில் விளக்கம் கேட்கும் அதிகாரத்தை 1923-ஆம் ஆண்டுச் சட்டமே ஆணையருக்குக் கொடுத்தது. அரசே முன்னின்று கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவரவில்லை. போபால் விஷவாயு வழக்கில் 1985-இல் தனிச் சட்டம் போட்டு, மக்களுக்காக வழக்காடும் உரிமையை மத்திய அரசே எடுத்துக்கொண்டது. 300 கோடி டாலருக்கு மேல் கேட்டு, 1989-இல் 47 கோடி டாலருக்குச் சமரசமானது. கூடுதல் தொகை கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. அதனால்தான் மொத்தத் தொகையைச் சொல்லாமல், வீட்டுக்கு வீடு கணக்கைச் சொல்லச் சொல்கிறேன்.

இழப்பீட்டு மனுவுக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த காலக்கெடு, இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் ஆணையர் மன்னித்து ஏற்கலாம். டிசம்பர் 8 அன்றே தளவடேயில் இறந்தவர்களுக்கு அந்த 2 ஆண்டு 2025 டிசம்பரோடு முடிந்தது. அவர்கள் வீட்டில் எத்தனை பேரிடம் இந்தத் தேதியை யாராவது சொல்லியிருப்பார்கள்?