திருச்செந்தூர் அல்சூருக்கு வந்தது

2025 ஜூலை 7. திருச்செந்தூர் முருகன் கோயிலில் 16 ஆண்டுகளுக்குப் பின் கும்பாபிஷேகம். என் தாயாருக்கு வயது 82. பிறந்த ஊர் ஆறுமுகநேரி. முழங்கால் வலியால் பயணம் செய்ய இயலாது. "டிவில காட்டுவாங்கள்லா, அது போதும்" என்றார்.

விடியற்காலையிலேயே குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, அல்சூரில் எங்கள் வீட்டுக் கடைசி அறையில் கை கூப்பி அமர்ந்துவிட்டார். இணையம் வழியே நேரடி ஒளிபரப்பு. கலசத்தில் நீர் வார்க்கக் குடத்தைத் தூக்கிய நேரம் பார்த்துப் படம் நின்றது. திரையில் வெறும் வட்டம் சுற்றியது. மறுபடி படம் வந்தபோது தீபாராதனை நடந்துகொண்டிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

முந்தைய மாதம்தான் 100 மெகாபிட் இணைப்பை 200 ஆக்கியிருந்தேன். கட்டணம் கூடியதே தவிரப் பயன் கூடவில்லை. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. 2004ஆம் ஆண்டுக் கொள்கையில் 256 கிலோபிட் இருந்தாலே அகலக்கற்றை. 2023இல்தான் அந்த வரம்பு 2 மெகாபிட் ஆயிற்று. 200 வாங்கியும் படம் நிற்கிறதென்றால் எங்கே கோளாறு?

கணிப்பொறித் துறையில் இருக்கும் அக்காள் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். ரவுட்டர் பெட்டியிலிருந்து நேரே கம்பி மூலம் மடிக்கணினியில் அளந்தான். வாங்கிய வேகம் ஏறக்குறைய முழுதாக இருந்தது. அம்மாவின் அறையில் வைஃபையில் அளந்தான், 4 மெகாபிட்!

"மாமா, தொட்டி நெறைய தண்ணி இருக்கு. குழாயிலதான் அடைப்பு" என்றான்.

தெளிவான எச்.டி. படத்துக்கு ஏறத்தாழ 5 மெகாபிட்டும், 4கே படத்துக்கு 15 மெகாபிட்டும் தேவை. திரைப்படமென்றால் முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்ளும். நேரடி ஒளிபரப்பில் அப்படிச் சேர்க்க இடம் குறைவு. எனவே சிறு தடங்கலும் உடனே தெரிந்துவிடும்.

எங்கள் வீடு ரயில் பெட்டிபோல நீளமானது. ரவுட்டர் வாசல் பக்கம், இரும்பு பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. நடுவே மூன்று சுவர்கள். வைஃபை அலைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும். ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபையும், மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில்தான் நெருக்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும்.

அவன் செய்தவை எளியவை. ரவுட்டரைப் பீரோவிலிருந்து விலக்கி, நடுக்கூடத்தில் தலைக்கு மேல் உயரத்தில் மாட்டினான். அங்கிருந்து அம்மாவின் தொலைக்காட்சிக்குச் சுவரோரமாகக் 'கேட் 6' கம்பி இழுத்தான். 100 மீட்டர் வரை அந்தக் கம்பியில் வேகம் குறையாது. பல தொலைக்காட்சிகளின் கம்பித் துளை 100 மெகாபிட்தான் ஏற்கும். 4கே படத்துக்கு அதுவே தாராளம். கைப்பேசிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினான். மின்வெட்டுக்கு ரவுட்டருக்கென்று ஒரு சிறிய யு.பி.எஸ். வைத்தான். இணைப்பைப் பழையபடி 100க்கே இறக்கிவிட்டேன்.

வீட்டில் பெரியவர்கள் உள்ள அன்பர்களுக்கு என் வேண்டுகோள்: அதிக வேகத்துக்குப் பணம் கட்டுமுன், பெட்டியருகே ஒருமுறையும் தொலைக்காட்சி அருகே ஒருமுறையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் குறை வீட்டுக்குள்ளேதான். கம்பி இழுக்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. கடற்கரையில் சூரன் யானைமுகத்தோடும் சிங்கமுகத்தோடும் வந்து வேலுக்கு விழும்வரை படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. முடிந்ததும் அம்மா ஆறுமுகநேரியில் இருக்கும் தம் தங்கைக்குப் போன் போட்டார்.

"ஏட்டி, நானும் பாத்துட்டேன். கடல் அலைகூடத் தெரிஞ்சுது!"