ஸ்டீராய்டுக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

இரண்டாம் உலகப் போரில் சயாம் – பர்மா ரயில் பாதை போட, நேச நாட்டுப் போர்க்கைதிகளோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களையும் ஜப்பானியர்கள் கொண்டுபோனார்கள். 1943இல் பாதை முடிந்தது. பிழைத்து இங்கிலாந்து திரும்பிய கைதிகள் சிலரின் குடலில் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு புழு உயிரோடு இருந்ததை, 1970களில் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி மருத்துவர்கள் கண்டார்கள்.

அந்தப் புழு ஸ்ட்ராங்கிலாய்டிஸ். மனித மலம் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களின் தோலைத் துளைத்து ஏறும். நுரையீரல் வரை போய், தொண்டை வழியாகச் சிறுகுடலில் இறங்கும். அங்கே பொரியும் குஞ்சுகளில் சில வெளியேறாமலே அதே உடம்புக்குள் மறுபடி நுழைந்துவிடும். ஒருமுறை தொற்றினால் ஆயுள் முழுக்க இருக்கலாம். பல பேருக்கு அறிகுறியே தெரியாது.

மலப் பரிசோதனையில் இது எளிதில் சிக்காது. நாக்குப்பூச்சி ஒரே நாளில் லட்சக்கணக்கில் முட்டையிடும். மைக்ராஸ்கோப்பில் வைத்ததும் தெரிந்துவிடும், அதற்கு ரத்தம் எடுப்பது வீண் செலவு. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் குஞ்சுகளோ சில நாள் வரும், சில நாள் வராது. ஒரே ஒரு மாதிரியை நம்பினால் பாதிக்கு மேல் தப்பிவிடும். ஆனால் புழுவை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கும். எலைசா சோதனை அதைத்தான் தேடுகிறது.

அதற்கும் குறைகள் உண்டு. யானைக்கால் புழு போன்ற வேறு புழுக்கள் இருந்தாலும் 'உண்டு' என்று காட்டலாம். புழு செத்த பிறகும் ஆன்டிபாடி பல மாதம் நீடிக்கும். எதிர்ப்புசக்தி குன்றியவர்களுக்கு, புழு இருந்தும் 'இல்லை' என்று வரலாம்.

எதிர்ப்புசக்தி குன்றும் அந்த நேரம்தான் ஆபத்தானது. ஆஸ்துமாவுக்கோ, மூட்டு நோய்க்கோ, சிறுநீரக மாற்றுக்கோ எதிர்ப்புசக்தியை அடக்கும் ஸ்டீராய்டு தொடங்கியதும் அடங்கிக் கிடந்த புழு பெருகலாம். குஞ்சுகள் குடலைத் துளைத்து, அங்குள்ள பாக்டீரியாக்களையும் இழுத்துக்கொண்டு உடம்பெங்கும் பரவும். அந்நிலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. கொரோனா காலத்தில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தாராளமாகக் கொடுக்கப்பட்டபோது மருத்துவ உலகம் இதற்காகவே கவலைப்பட்டது.

முன்கூட்டியே தெரிந்தால் ஐவர்மெக்டின் மாத்திரை ஓரிரு நாள் போதும். பள்ளிகளில் குடற்புழு நீக்க ஒரு வேளை தரும் அல்பெண்டசோல் இந்தப் புழுவுக்குப் போதாது. வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலோடு உழைத்த ஒருவருக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு எழுதும் முன், மருத்துவர் இந்த ரத்தப் பரிசோதனையையும் எழுத வேண்டும். அவர் மறந்தால் வீட்டார் கேட்க வேண்டும்.