ஆறுமணிக்குருவி புறப்படும் பருவம்

வசந்தத்தில் பட்சிகள் வந்து சேர்கின்றன என்று குளிர்நாட்டு நூல்கள் வர்ணிக்கின்றன. தாமிரபரணிக் கரையிலோ அதே பருவம் அவை நம்மிடம் விடைபெறும் பருவமாகும். புரட்டாசி, ஐப்பசியில் சந்தடியின்றி வந்து, கன்னடியன் கால்வாயை ஒட்டிய கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவித் தோப்புகளிலும் வீட்டுப் புறவாசல்களிலும் குளிர்காலம் முழுவதும் இரைதேடிய சிறு பறவைகள், சித்திரை முடிவதற்குள் ஒவ்வொன்றாக வடக்கே புறப்பட்டுவிடுகின்றன. மாங்கிளையில் ஓயாது தாவும் பச்சைக் கதிர்க்குருவி இமயமலைச் சாரலுக்கும் அதற்கப்பாலும் போகவேண்டியது. வேலியோரத்துப் பழுப்புக் கீச்சான் சீனம், சைபீரியா வரை செல்லவேண்டியது. கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் சூறைக்குருவியின் பிறப்பிடமோ மத்திய ஆசியப் புல்வெளி.

இவற்றுள் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்கு இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் அப்பெயர் பெற்ற இது, மைனாவினும் சிறியது. வால் மிகக் குட்டை. பச்சை முதுகும், தோளில் மின்னும் நீலமும், கண்ணின் குறுக்கே கரும்பட்டையும், அடிவயிற்றில் செந்நிறமுமாக இத்தனை வர்ணங்களைப் பூண்டிருந்தும், முதலில் நம் கண்ணில் படுவது சருகின் அசைவுதான். மதிலோரத்து ஈரச் சருகினுள் அலகைச் செலுத்தி ஓர் இலையைப் பக்கவாட்டில் வீசியெறிந்து, ஒரு கணம் ஆடாமல் நின்று, தலையைச் சாய்த்து நோக்கி, அடியிலிருந்த புழுவைக் கவ்விக்கொண்டு, இரண்டு தத்தில் அடுத்த இலையை அடைகிறது.

இந்த உணவு அன்றாடப் பசிக்கு மட்டுமன்று. பகற்பொழுது நீளத் தொடங்குவதை வலசைப் பறவையின் மூளை உணர்ந்ததும் சுரப்பிகள் விழித்துப் பசி பெருகுகிறது. தோலின் கீழே கொழுப்புச் சேர்கிறது. எடைக்கு எடை மாவுப்பொருளைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் சக்தி தரும் கொழுப்பே தூரயாத்திரைக்கு ஏற்ற கட்டுச்சோறு. வல்லூறுக்கு அஞ்சாமலும் வெயிலின் தாபமின்றியும் பறக்கலாம் என்பதனால்தான் போலும், இவ்வகைச் சிறு பறவைகளிற் பல இரவிலேயே பிரயாணம் செய்கின்றன. அஸ்தமன ஒளி, நட்சத்திரங்களின் சுழற்சி, பூமியின் காந்தப்புலம் ஆகியவற்றைக் கொண்டு திசையறிந்து, பொழுது விடிந்ததும் மரமடர்ந்த இடம் கண்டு இறங்கி, இழந்த கொழுப்பை மீட்டுக்கொள்கின்றன. மத்திய இந்தியக் காடுகளையும் இமயத்தின் அடிவாரத்தையும் அடைந்து, தென்மேற்குப் பருவமழையோடு கூடு கட்டவேண்டிய ஆறுமணிக்குருவிக்கு, வழியில் அகப்படும் ஒவ்வொரு சருகுக் குவியலும் ஜீவாதாரம்.

இதே நாட்களில் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தில் நேர்மாறான காட்சியைக் காணலாம். இமயத்தையே கடந்து செல்லும் வரித்தலை வாத்துகள் குளத்தை விட்டுக் கிளம்பிப்போக, மஞ்சள்மூக்கு நாரைகளோ ஊருக்குள்ளேயே, வீட்டு வாசலிலும் கொல்லையிலும் நிற்கும் மரங்களில் குஞ்சு வளர்த்துக்கொண்டிருக்கும். தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் அவற்றைப் போற்றும் அவ்வூராரின் பெருந்தன்மைக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். 1994இல் சரணாலயமான அக்குளம் பின்னர் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்குரிய ராம்சர் தலமாகவும் அங்கீகாரம் பெற்றது. ஆனால் ஆறுமணிக்குருவி இளைப்பாறும் புறவாசலுக்கு அத்தகைய பட்டயம் எதுவும் இல்லை. வீட்டாரின் மனமே அதற்குக் காவல்.

1912இல் திருநெல்வேலியில் பிறந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், யானையையும் காட்டெருமையையும் ஆராய்ந்த அதே சிரத்தையோடு வீட்டருகே உலவும் எளிய பறவைகளையும் வாழ்நாளெல்லாம் கவனித்து எழுதினார். அந்தக் கண் இன்று நம் வீடுகளில் அருகிவருகிறது. புறவாசலுக்குச் சிமெண்டு பூசுவதைச் சுத்தமென்று கருதுகிறோம்.

ஆகவே வாசகர்களை வேண்டிக்கொள்வது இது: சித்திரை கழியும்வரையிலேனும் மரத்தடிச் சருகைக் கூட்டித் தீ வைக்காதீர்கள், நிழலில் ஆழமற்ற தட்டில் தண்ணீர் வையுங்கள், தேவையற்ற வெளிவிளக்குகளை இரவில் அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தில் மயங்கியோ களைத்தோ ஓர் ஆறுமணிக்குருவி வீட்டினுள் வந்து விழுந்தால், வாயில் நீர் புகட்டாமல், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டில் அமைதியாக வைத்திருந்து, தெளிந்த பின் அந்திப்பொழுதில் புதரடியில் விட்டுவிடுங்கள்.