சாக்லேட்டின் துவர்ப்பும் ஊட்டமும்

அறுசுவையை எண்ணும்போது நாம் கைப்பையும் துவர்ப்பையும் இருவேறு சுவைகளாக வைக்கிறோம். கைப்பு நாவில் தங்கும். துவர்ப்பு வாயையே உலர்த்திச் சுருக்கும். பாகற்காயும் பாக்கும் ஒரே சுவை என்று தமிழ்க் குழந்தை எதுவும் சொல்லாது. சாக்லேட்டின் ஊட்டத்தைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு நமக்குப் பெரிதும் உதவுகிறது.

கீழ்ப் பேராக்கின் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளர்ந்த கொக்கோவைக் கண்டோர் அறிவர்: பழத்தின் வெண்சதை இனிக்கும், உள்ளிருக்கும் ஊதா விதையைக் கடித்தால் கைப்பும் துவர்ப்பும் ஒருங்கே தாக்கும். கைப்புக்குப் பெருங்காரணம் தியோபுரோமின். (வேதியியல் மாணவர்கள் இதில் புரோமினைத் தேட வேண்டா. லின்னேயஸ் 1753இல் அம்மரத்துக்கு இட்ட ‘தியோபுரோமா’ என்னும் பெயரின் வழி வந்தது இது. ‘தேவர் உணவு’ என்பது அதன் பொருள்.) துவர்ப்பைத் தருபவற்றுள் முதன்மையானவை பிளாவனால் வகைச் சேர்மங்கள். சாக்லேட் இதயத்துக்கு நல்லது என்னும் பேச்சு உண்மையில் இவற்றைப் பற்றியதே. நாள்தோறும் 200 மில்லிகிராம் கொக்கோ பிளாவனால் உட்கொள்வது இரத்தக் குழாய்களின் நெகிழ்வைக் காக்க உதவும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் ஏற்றுக்கொண்டது.

ஆனால் துவர்ப்பை விரும்பி உண்போர் சிலரே. விதையைப் புளிக்கவைப்பதிலும் வறுப்பதிலும் பிளாவனாலில் ஒரு பகுதி அழிகிறது. எஞ்சியதைக் காரம் சேர்த்துப் பதப்படுத்தும் முறை மேலும் குறைக்கிறது. இங்குக் காரம் என்றது மிளகாயின் சுவையை அன்று. அமிலத்துக்கு எதிரான பொருளை. வியப்பு என்னவெனில், அம்முறையால் கொக்கோத்தூளின் நிறம் முன்னினும் கறுக்கிறது. ஆகவே, கறுத்திருப்பதெல்லாம் பிளாவனால் மிக்கதென்று கொள்வதற்கில்லை.

மற்றைய ஊட்டங்களின் கணக்கு எளிது. 70 முதல் 85 விழுக்காடு கொக்கோ கொண்ட சாக்லேட் 100 கிராமில் ஏறத்தாழ 600 கிலோகலோரி ஆற்றலும் 43 கிராம் கொழுப்பும் 24 கிராம் சர்க்கரையும் 11 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. பால் சாக்லேட்டிலோ சர்க்கரை 50 கிராமைத் தாண்டும். நார்ச்சத்து 3 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். மக்னீசியம் முன்னதில் சுமார் 230 மில்லிகிராம், பின்னதில் 60 சொச்சம். இரும்புச் சத்தும் கறுப்புச் சாக்லேட்டில் 12 மில்லிகிராம் வரை உண்டு. எனினும், தேநீரைப் போலவே கொக்கோவின் துவர்ப்புப் பொருள்களும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. எனவே அட்டையிற் காணும் இரும்பு முழுவதும் குருதியைச் சேர்வதில்லை. வெள்ளைச் சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய் மட்டுமே உண்டு. துவர்ப்புக்கு அங்கு இடமே இல்லை.

2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். 21,000க்கு மேற்பட்ட முதியோர் அதில் பங்கேற்றனர். பிளாவனால் பெற்றோரிடையே இதயநோயால் நேர்ந்த இறப்புகள் குறைந்தன. ஆயினும் மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட நிகழ்வுகளின் மொத்த எண்ணிக்கையில் உறுதியான குறைவு காணப்படவில்லை. அவர்களுக்குத் தரப்பட்டது நாளுக்கு 500 மில்லிகிராம் பிளாவனால் கொண்ட மாத்திரை, சாக்லேட் அன்று. செய்தித் தலைப்புகள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. மாணவர் கட்டுரைகளும் அவற்றைப் பின்பற்றுகின்றன.

வகுப்பறையில் இதைத் தெளிவாக்க ஒரு சாக்லேட் உறையே போதும். சேர்பொருள்கள் அதில் எடைமிகுதியின் வரிசையில் அச்சிடப்படுகின்றன. பெரும்பாலான பால் சாக்லேட்டுகளில் முதற்சொல் சர்க்கரை. கொக்கோவைத் தேடிக் கண் சற்றுக் கீழே இறங்க வேண்டும்.