கெங்கல் ஹனுமந்தையா

பெங்களூரை அறிந்த நேயர்கள் விதான சௌதாவைக் கண்டிருப்பர். 1951-இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டியபோது கே. சி. ரெட்டி முதலமைச்சர். அவர் எண்ணியது எளிய கட்டடமே. அதனைத் திராவிடச் சிற்ப மரபில் கருங்கல் மாளிகையாக விரித்தவர், 1952-இல் அப்பதவிக்கு வந்த கெங்கல் ஹனுமந்தையா. செலவு பற்றிக் கண்டனம் எழுந்தது. பின்னர் விசாரணையும் நடந்தது.

எனினும், அவருடைய பெருமைக்கு மாளிகையைக் காட்டிலும் வேறொன்றே சான்று என்பேன். 1908-இல் ராமநகரத்தை அடுத்த சிற்றூரில் பிறந்து, புனாவில் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர் அவர். விடுதலைப் போரில் சிறை சென்றவர். கன்னட மக்கள் அந்நாளில் மைசூர், பம்பாய், ஹைதராபாத், சென்னை, குடகு எனப் பல ஆட்சிகளின்கீழ்ப் பிரிந்திருந்தனர். அப்பகுதிகள் யாவும் இணைந்தால் பழைய மைசூரின் செல்வாக்கும், அங்கு வலுப்பெற்றிருந்த ஒக்கலிகர் சமூகத்தின் செல்வாக்கும் குன்றுமென்று அவருடைய கட்சியினர் பலரே அஞ்சினர். ஹனுமந்தையாவும் ஒக்கலிகரே. ஆயினும் இணைப்பின் பக்கமே நின்று வாதாடினார். தம் கட்சிக்காரருக்கு எதிராகவே வழக்காடும் வக்கீலின் நிலை அது!

கட்சிக்குள் ஆதரவு இழந்து 1956 ஆகஸ்டில் பதவி விலகினார். நவம்பர் 1-ஆம் தேதி விரிந்த மைசூர் மாநிலம் உதயமானபோது முதலமைச்சராய் அமர்ந்தவர் எஸ். நிஜலிங்கப்பா, அவரும் வழக்கறிஞரே.

பிற்காலத்தில் ஹனுமந்தையா நிர்வாகச் சீர்திருத்தக் குழுவின் தலைவராகவும், 1971-இல் மத்திய ரயில்வே அமைச்சராகவும் பணியாற்றி, 1980-இல் மறைந்தார். பெங்களூரில் அவர் பெயர் தாங்கிய சாலையை ஊரார் 'டபுள் ரோடு' என்றே வழங்குகின்றனர்.