ஆண் மீனின் விந்தகத்தில் சினைமுட்டை

ஆறாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி ஒன்றில் ஒரே ஒரு கருத்தடை மாத்திரையைக் கரைத்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். அந்த மாத்திரையில் எத்தினைல் ஈஸ்ட்ரடையால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் சுமார் 30 மைக்ரோகிராம் இருக்கும். லாரித் தண்ணீரில் கலந்த பிறகு லிட்டருக்கு 5 நானோகிராம்தான் தேறும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோகிராம். நிறமோ ருசியோ வாடையோ எதுவும் மாறாது. ஆனால், ஒரு ஏரியில் ஒரு மீன் இனத்தையே கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்க இந்த அளவு போதுமானதாக இருந்தது.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்குக் காடுகளுக்குள் ஆராய்ச்சிக்கென்றே 58 சிறு ஏரிகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 1968 முதல் அங்கே ஆய்வு நடந்துவருகிறது. அவற்றில் ஒன்று 260ஆம் எண் ஏரி. 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில் கேரன் கிட் தலைமையிலான குழு அந்த ஏரியில் இந்த ஹார்மோனை அளந்து ஊற்றியது. லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் வரை இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். நகரங்களின் கழிவுநீரில் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்த அளவுதான் அது.

ஏரியில் ஃபேட்ஹெட் மின்னோ என்ற விரல்நீளச் சிறுமீன்கள் ஏராளமாக இருந்தன. முதல் கோடையிலேயே அவற்றின் ஆண் மீன்கள் மாறத் தொடங்கின. மீன் முட்டைக்கு மஞ்சள்கரு வேண்டும். அதற்கான வைட்டெல்லோஜெனின் என்ற புரதத்தைத் தாய்மீனின் கல்லீரல் தயாரித்து ரத்தத்தின் வழியாகச் சூலகத்துக்கு அனுப்புகிறது. அதைத் தயாரிக்கும் மரபணு ஆண் மீனிடமும் உண்டு. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரஜன் வந்து தூண்டாததால் அது வாழ்நாள் முழுக்கச் சும்மா கிடக்கும். 260ஆம் ஏரியில் அந்தத் தூண்டுதல் தண்ணீரிலிருந்தே வந்தது. ஆண்களின் உடலில் இந்தப் புரதம் இயல்பைப்போலப் பல ஆயிரம் மடங்கு பெருகியது. அதை வாங்கிக்கொள்ள ஆணுக்குச் சூலகம் இல்லை. விந்தகங்கள் வளர்ச்சி குன்றின. சிலவற்றை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, விந்தணு உருவாகவேண்டிய திசுவுக்கு நடுவே உருண்டையாக இளம் சினைமுட்டைகள் தெரிந்தன.

அடுத்து, குஞ்சுகளைக் காணவில்லை. இந்த மீனுக்கு ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகள்தான். ஓரிரு பருவம் இனப்பெருக்கம் தவறினாலே இனம் ஆட்டம் கண்டுவிடும். சில ஆண்டுகளுக்குள் அந்த ஏரியில் மின்னோ அழிவின் விளிம்புக்கே போய்விட்டது. சிறுமீன் குறைந்ததும் அதைத் தின்னும் பெரிய டிரௌட் மீன்கள் மெலிந்தன. ஹார்மோன் பெரிய மீனை நேரடியாகத் தொட்டதைவிட அதன் பசியின் வழியாகவே அதிகம் தொட்டது. 2007இல் இந்த முடிவுகள் வெளியானபோது, ஆண் மீன்களின் உடலில் தெரியும் கோளாறு ஒரு கூட்டத்தையே அழிக்குமா என்ற கேள்விக்கு முதன்முறையாக ஒரு முழு ஏரி பதில் சொல்லியிருந்தது.

மீன் ஏன் இத்தனை எளிதில் மசிகிறது? பெரும்பாலான மீன்களில் குஞ்சு பொரிக்கும்போது இனப்பெருக்க உறுப்பு விந்தகமாகவும் இருக்காது, சூலகமாகவும் இருக்காது. எந்தப் பக்கமும் போகக்கூடிய செல்களின் மெல்லிய இழையாகவே இருக்கும். மரபணு ஒரு திசையைக் காட்டுகிறது. ஆனால், அரோமட்டேஸ் என்ற நொதி ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக எந்த அளவுக்கு மாற்றுகிறது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. சில இனங்களில் தண்ணீரின் வெப்பமும் இதில் தலையிடும். நம் முகத்துவாரங்களில் பிடிபடும் கொடுவா, ஆணாக முதிர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிறது. களவாவில் பல இனங்கள் நேர்மாறு: முதலில் பெண், பிறகு ஆண். ஜிலேபி மீன் வளர்க்கும் பண்ணைகள் உலகின் பல இடங்களில் இந்த நெகிழ்வையே தொழிலாக்கியிருக்கின்றன. இரை எடுக்கத் தொடங்கும் குஞ்சுகளுக்கு மூன்று, நான்கு வாரம் மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் கலந்த தீவனம் கொடுத்தால் அநேகமாக எல்லாமே வேகமாக வளரும் ஆண்களாகிவிடும். அந்தச் சில வாரங்கள்தான் ஆபத்தானவை. அப்போது தண்ணீரில் எந்த ஹார்மோன் இருக்கிறதோ, அது குஞ்சின் உடலோடு நேராகப் பேசிவிடும்.

பிரிட்டனில் இதை முதலில் கவனித்தவர்கள் தூண்டில்காரர்கள். லண்டன் பக்கம் ஓடும் லீ ஆற்றை ஒட்டிய கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளங்களில், 1970களின் கடைசியில், ஆணும் பெண்ணும் கலந்த ரோச் மீன்கள் கிடைத்தன. கெண்டை வகையறாவைச் சேர்ந்த மீன் அது. பின்னர் ஜான் சம்ப்டரும் சக ஆய்வாளர்களும் கூண்டில் அடைத்த டிரௌட் மீன்களைச் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வெளியேறும் நீரில் இறக்கிவைத்தார்கள். சில வாரங்களில் அவற்றின் ரத்தத்தில் மஞ்சள்கருப் புரதம் எகிறியது. 1998இல் சூசன் ஜாப்லிங் குழு வெளியிட்ட ஆய்வின்படி, சில ஆற்றுப் பகுதிகளில் சோதித்த ஆண் ரோச் அத்தனையிலும் பெண் தன்மை கலந்திருந்தது.

பலரும் ஆலை ரசாயனங்களையே சந்தேகித்தார்கள். கழிவுநீரைப் படிப்படியாகப் பிரித்துச் சோதித்தபோது பெரும்பாலும் சிக்கியவை மனித ஹார்மோன்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஹார்மோனை வெளியேற்றும் முன் நம் கல்லீரல் அதோடு ஒரு சர்க்கரை அமிலத்தைக் கோத்து அதைச் செயலற்றதாக்கி அனுப்புகிறது. சாக்கடையிலுள்ள பாக்டீரியாக்கள் அந்த ஒட்டை வெட்டிவிடுகின்றன. செத்ததாகக் கிளம்பிய ஹார்மோன் வழியில் உயிர்பெற்று ஆற்றுக்குப் போகிறது. ஆகவே, மாத்திரை சாப்பிடும் பெண்கள்மேல் மட்டும் பழிபோடுவது தவறு. கர்ப்பிணி, ஆண், குழந்தை, மாடு என எல்லாருடைய சிறுநீரிலும் இயற்கை ஈஸ்ட்ரஜன் போகிறது. மாத்திரையின் ஹார்மோன் எடையில் சொற்பம். ஆனால், எளிதில் சிதையாததால் வீரியம் அதிகம்.

ஆலைகளும் தப்பிவிடவில்லை. பிரிட்டனில் கம்பளி கழுவும் ஆலைகள் இருந்த ஏர் ஆற்றில், சலவைப் பொருளிலிருந்து பிரியும் நோனைல்ஃபீனால் ஈஸ்ட்ரஜன்போல நடித்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கதை தலைகீழ். அங்கே காகித ஆலைக் கழிவு கலந்த ஓடைகளில், கொசுப் புழுவை ஒழிக்க நம் ஊர்க் கிணறுகளிலும் விடப்படும் கம்பூசியா மீனின் பெண்களுக்கு, ஆணுக்கு மட்டுமே உரிய நீண்ட புணர்ச்சித் துடுப்பு முளைத்திருந்தது. 1980இல் அது பதிவானது.

பிரிட்டனின் ரோச் கூட்டங்கள் பல இன்னும் தாமாகவே பெருகுகின்றன என்பதையும் சொல்லவேண்டும். லேசாகப் பாதிக்கப்பட்ட ஆண் தந்தையாக முடிகிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டதற்குத்தான் வாரிசு வெகுவாகக் குறைகிறது. 260ஆம் ஏரியிலும் ஹார்மோன் ஊற்றுவதை நிறுத்திய சில ஆண்டுகளில் மின்னோ மீண்டது. அமெரிக்காவின் போல்டர் நகரம் 2008இல் தன் சுத்திகரிப்பு நிலையத்தைப் பழைய சொட்டு முறையிலிருந்து நுண்ணுயிர்ச் சேற்று முறைக்கு மாற்றியதும் அங்கே ஆண் மீன்களின் பாதிப்பு தெளிவாகக் குறைந்தது. ஓசோன், கரித்தூள் வடிப்பு ஆகியவை இன்னும் நன்றாகச் சுத்தம் செய்யும், செலவும் கூடும். 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த சட்டம், அந்தக் கூடுதல் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன நிறுவனங்கள் ஏற்கவேண்டும் என்கிறது. நியாயமான ஏற்பாடு என்பதே என் கருத்து.

நம் பக்கம் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி நீரைச் சோதித்து, சோப்பிலும் பற்பசையிலும் சேர்க்கப்படும் டிரைக்ளோசானும், அழகுசாதனங்களில் சேர்க்கப்படும் பாரபென்களும் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். பாரபென்களுக்கு மெல்லிய ஈஸ்ட்ரஜன் குணம் உண்டு. ஆனால், இந்தியச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 2017இல் வகுத்த பொது விதிகள் அமிலத்தன்மை, உயிரிய ஆக்சிஜன் தேவை, மிதக்கும் திடப்பொருள், மலக் கிருமி ஆகியவற்றைத்தான் கேட்கின்றன. ஹார்மோனைக் கேட்பதில்லை. பல ஊர்களில் கழிவுநீர் அந்த நிலையத்தைக்கூடப் பார்க்காமல் ஆற்றில் விழுகிறது.

ஆண் மீனின் ரத்தத்தில் மஞ்சள்கருப் புரதம் இருக்கிறதா என்று பார்க்கச் சில துளி ரத்தம் போதும். நாகப்பட்டினத்தில் நமக்கென்று ஒரு மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து நொய்யலிலும் அடையாற்றிலும் காவிரியிலும் ஆண் கெண்டைகளையும் ஜிலேபிகளையும் ஆண்டுதோறும் சோதித்து முடிவுகளை மக்கள் முன் வைக்கவேண்டும். அதுவரை நம்மால் ஆனது ஒன்று உண்டு: மிச்சமான மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டாதீர்கள்.