முட்டிக்கு ஆபரேஷன், தொடைக்கு வைத்தியம்

முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற ஜவ்வுக்கான ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரிக்கும் நாளில் முட்டியைவிடத் தொடையைப் பார்த்துத்தான் பலரும் திகைத்துப் போகிறார்கள். கத்தி பட்டது முட்டியில், வற்றிப்போனது தொடை. “படுத்தே கிடந்தா அப்படித்தான் இருக்கும், நடக்க ஆரம்பிச்சா சரியாயிடும்” என்று வீட்டில் தேற்றுவார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரிந்தால்தான் தொடை திரும்பி வரும். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

தொடையின் முன்பக்கம் இருக்கும் பெரிய தசை குவாட்ரிசெப்ஸ். நான்கு பகுதிகள் சேர்ந்து முட்டிச்சில்லைப் பிடித்திழுத்துக் காலை நீட்டுகின்றன. மாடிப்படி ஏறுவதும், தரையிலிருந்து எழுவதும், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது உடம்பு எடையைத் தாங்குவதும் இந்தத் தசையின் வேலை. ஆபரேஷனுக்குப் பின் முட்டிக்குள் நீர் கோத்துக்கொண்டால் அங்குள்ள நரம்பு முனைகள் தண்டுவடத்துக்குத் தகவல் அனுப்புகின்றன. உடனே தண்டுவடம் இந்தத் தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. பல்பும் நன்றாக இருக்கிறது, ஒயரும் நன்றாக இருக்கிறது, மெயின் ஸ்விட்ச் ட்ரிப் ஆகியிருக்கிறது. காயம்படாத முட்டிகளில் உப்புநீரைச் செலுத்திப் பார்த்த 1984ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 20 முதல் 30 மில்லி சேர்ந்ததுமே தொடையின் உள்பக்கத் தசை மந்தமாகிவிட்டது. மற்றப் பகுதிகள் மந்தமாக 50, 60 மில்லி தேவைப்பட்டது. இரண்டு மேசைக்கரண்டி நீர் போதும், தசை பாதி தூக்கத்துக்குப் போய்விடும்.

ஆகவே முதல் வேலை வீக்கத்தை இறக்குவது. காலை உயர்த்தி வைத்து, துணி சுற்றிய ஐஸை ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் வைக்க வேண்டும். இரண்டாவது வேலை முட்டியை முழுக்க நீட்டுவது. பாசத்தில் வீட்டார் முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முட்டி மடங்கியே பழகிவிடும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி தன் எடையாலேயே மெல்ல இறங்கி நேராகும்.

அடுத்து, தசையை எழுப்ப வேண்டும். காலை நீட்டி உட்காருங்கள். முட்டிச்சில்லுக்குச் சற்று மேலே, தொடையின் உள்பக்கத்தில் விரல்களை வையுங்கள். முட்டியின் பின்பக்கத்தைக் கட்டிலோடு அழுத்துங்கள். முதலில் விரலுக்கு அடியில் ஒன்றுமே நடக்காது, குதிரைச்சதையும் பிட்டமும்தான் இறுகும். பொறுமையாக மறுபடி அழுத்துங்கள். தசை லேசாகத் திரளும், சில் தொடைப் பக்கமாக மேலே நகரும். அந்த நகர்வுதான் நாம் தேடுவது. ஐந்து விநாடி பிடித்துவிட்டு விடுங்கள். ஒரு நாளில் பல வேளை இதைச் செய்ய வேண்டும். பிறகு நீட்டிய காலை அப்படியே தூக்கிப் பாருங்கள். தூக்கும்போது முட்டி சற்றே மடங்கித் தொங்கினால் தசை இன்னும் முழுதாக விழிக்கவில்லை என்று பொருள். பிசியோவிடம் ‘கரண்ட் வைப்பது’ இங்கே உதவும். ஆனால் வலி குறைக்க வைக்கும் கரண்ட் வேறு, தசையைச் சுருங்க வைக்கும் கரண்ட் வேறு. எது வைக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானோர் நின்றுவிடும் இடம் இதற்கு அடுத்தது. கால் தூக்கும் பயிற்சியையே மாதக்கணக்கில் செய்வார்கள். எழுந்த தசை வளர எடை வேண்டும். சுவரோரம் அரை ஸ்குவாட், படி ஏறி இறங்குவது, லெக் பிரஸ், டாக்டர் அனுமதித்த கோணத்தில் லெக் எக்ஸ்டென்ஷன் என்று படிப்படியாகப் போக வேண்டும். கடைசி இரண்டு முறை சிரமப்பட்டுத் தூக்கும் அளவுக்கு எடை இருக்கட்டும். தினமும் வேண்டாம், வாரம் இரண்டு மூன்று நாள் போதும். மறுநாள் காலையில் முட்டியைத் தொட்டுப் பாருங்கள். வீக்கம் கூடியிருந்தால் நேற்றைய எடை அதிகம். முட்டை, மீன், பருப்பு, சுண்டல் தட்டில் குறையக் கூடாது. முட்டிக்குள் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸையும் சேர்த்துத் தைத்திருந்தால் எடை ஏற்றும் கணக்கு மாறும், உங்கள் டாக்டர் சொல்வதே அளவு.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜவ்வுக்குப் பதிலாக வைத்த ஒட்டு, முதல் சில மாதங்களில் உள்ளுக்குள் மாறிக்கொண்டிருக்கும், பலம் குறைந்திருக்கும். வலி போய், நடை சீராகி, ஓடலாம் என்று மனம் சொல்லும் நேரமும் அதுவே. ஆபரேஷன் முடிந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2016இல் நார்வேயிலும் அமெரிக்காவின் டெலவேரிலும் இருந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இதற்குத் தெளிவான பதில். ஒன்பதாம் மாதம் வரை விளையாட்டைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டியில் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இரு தொடைகளின் பலமும் நெருங்கி வந்தவர்களுக்கு மறுகாயம் இன்னும் குறைவு. 2022 டிசம்பரில் நடந்த கார் விபத்துக்குப் பின், 2023 ஜனவரியில் முட்டி லிகமென்ட் ஆபரேஷன் செய்துகொண்ட கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த் களத்துக்குத் திரும்பியது 2024 மார்ச்சில். எல்லா வசதியும் உள்ளவருக்கே ஓராண்டுக்கு மேல் ஆனது.

ஊர்க் கபடி டீமில் ஆடும் தம்பிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஐந்தாம் மாதம் டோர்னமென்ட் வரும், நண்பர்கள் கூப்பிடுவார்கள், கால் வலிக்காது. அப்போது காலண்டரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டேப் வைத்துத் தொடையின் சுற்றளவை அளந்தும் முடிவெடுக்காதீர்கள், சுற்றளவு பலத்தைக் காட்டாது. பலத்தை அளக்கும் கருவி இருக்கிற இடத்துக்குப் போய் இரு கால்களையும் சோதியுங்கள். ஆபரேஷன் செய்த கால் மற்றதில் 90 சதவீதத்தையாவது தொட வேண்டும். மற்றக் காலும் இத்தனை மாதத்தில் சற்றுத் தளர்ந்திருக்கும் என்பதால் அதற்கும் பயிற்சி கொடுங்கள். அடுத்த முறை பிசியோவைப் பார்க்கும்போது “எப்போ விளையாடலாம்?” என்று கேட்பதற்கு முன்னால், “என் தொடை எத்தனை சதவீதத்தில் இருக்கிறது?” என்று கேளுங்கள்.